மாமன் திரும்பும் வரை நின்ற பந்தயம்

தேர் நின்னுபோனதைப் பாத்தவங்க எங்க காரைக்கால் பக்கத்துல தெருவுக்குப் பத்துப் பேரு இருப்பாங்க, சைக்கிள் பந்தயம் நின்னுபோனதைப் பாத்தவங்க எங்க வீட்டுல மூணே பேருதான், அந்த மூணு பேருல ஒருத்தரு பந்தயத்துக்கு முதுகைக் காட்டி உக்காந்திருந்தாரு. அவருதான் வைரக்கண்ணு அத்தான். என் தம்பி பொண்டாட்டி செண்பகத்தோட அண்ணன், அதனால அவரைக் கேலி பண்ற முறை எனக்கு உண்டு, அந்த முறையை நான் ஒரு நாளும் வீணாக்கினதில்ல.

என் தம்பி பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவன், வருஷத்துக்கு ஒரு தடவை வந்து மீசையைக் காட்டிட்டுப் போறவன், அதனால அவன் மகன் தனவேலு வளந்ததெல்லாம் மாமன் தோள்லதான், காது குத்தினது மாமன் மடியிலதான், தேர் வடத்தை முதல் முதலாத் தொட்டது மாமன் கையைப் புடிச்சுக்கிட்டுத்தான், பதிமூணு வயசுல பையன் பிரான்சுல படிக்கட்டும்னு அப்பன் கூட்டிக்கிட்டுப் போனப்ப மெட்ராஸ் ஏர்போர்ட் வாசல் வரைக்கும் பெட்டியைத் தூக்கிட்டுப் போனதும் மாமன்தான். படிக்கப் போன புள்ள அங்க சைக்கிள்ல ஏறினவன் இறங்கவே இல்ல. வளந்து பெரியவனாகி, சம்பளம் குடுத்துச் சைக்கிள் ஓட்டச் சொல்ற ஒரு குழுவுல சேந்துட்டான். அதெல்லாம் சரி. எலோடிங்கிற பொண்ணை அங்க மேரியில, அதான் நகராட்சி ஆபீசுல, கையெழுத்துப் போட்டுக் கட்டிக்கிட்டு, மாமனுக்குப் போட்டோவை மட்டும் போன்ல அனுப்பினான் பாருங்க, அன்னிக்கு முடிஞ்சுது.

"தாய்மாமன் மாலை எடுத்துக் குடுக்காம ஒரு கல்யாணமா? நான் என்ன செத்தா போயிட்டேன்?"ன்னு ஒரே ஒரு தடவை கேட்டாரு. அதோட சரி. அதுக்கப்புறம் தனவேலு போன் பண்ணினா இவரு கொல்லையில போயி தென்னமரத்தை அண்ணாந்து பாத்துக்கிட்டு நிப்பாரு, போனை வச்சாச்சுன்னு சொன்னாத்தான் உள்ள வருவாரு.

நடுவுல என் தம்பி அங்கயே போய்ச் சேந்தான். அத்தானுக்கும் நெஞ்சுல அடைப்பு வந்து ஆஸ்பத்திரியில படுத்து எந்திரிச்சாரு. அப்பலேர்ந்து செண்பகத்துக்கு ஒரே பயம். "அண்ணி, இவங்க ரெண்டு பேரும் மூஞ்சி பாத்துப் பேசாமலே இவரு கண்ணை மூடிட்டாருன்னா எம் புள்ளைக்கு அந்தப் பாவம் தீராது"ன்னு அழுவா. அதனால, "மலை மேல நடக்குற பெரிய பந்தயத்துல முதல் தடவையா என்னைச் சேத்திருக்காங்க, மூணு பேரும் வந்து பாருங்க"ன்னு தனவேலு டிக்கெட்டு அனுப்பினப்ப, அவ அண்ணன் கால்ல விழாத குறை. அத்தான் ரொம்ப நேரம் யோசிச்சுட்டு, "எனக்கு மலை பாக்கணும்னு நெடுநாள் ஆசை, மலையைப் பாக்க வர்றேன்"னாரு. நானும், சரி, மலை குடுத்து வச்சதுன்னு சொல்லிட்டு வாயை மூடிக்கிட்டேன்.

சைக்கிள் பந்தயம் பாக்குறதுன்னா என்னன்னு போனவங்களுக்குத்தான் தெரியும். விடியக்காலையில மலை ஏறி, ரோட்டோரத்துல இடம் புடிச்சு, பகலெல்லாம் காஞ்சு கிடக்கணும். சாமி வர்றதுக்கு முன்னாடி கொம்பும் குடையும் வர்ற மாதிரி விளம்பர வண்டியா வரும், தொப்பியும் மிட்டாயும் அள்ளி வீசும், பெரிய மனுஷங்க எல்லாம் அதைப் பொறுக்கக் குனிஞ்சு முட்டிக்குவாங்க. நானும் ஒரு தொப்பி பொறுக்கினேன், அதுல என்ன வெக்கம். எங்க பக்கத்துல மர்த்தின்னு ஒரு அம்மா, அந்த மலையிலேயே மாடு வச்சுப் பாலாடைக்கட்டி போடுறவ, தன் வேனோட பின்பக்கத்தை ரோட்டுக்குக் காட்டி, மூக்கைப் பள்ளத்தாக்குப் பக்கம் வச்சு நிறுத்தியிருந்தா. நான் காரைக்கால் கான்வென்ட்ல படிச்ச பிரெஞ்சை வச்சு அவகிட்ட ஒப்பேத்திக்கிட்டிருந்தேன். அத்தான் மடக்கு நாற்காலியை எடுத்துக்கிட்டு அங்க இங்க வச்சுப் பாத்து, கடைசியில அந்த வேனை ஒட்டிப் போட்டு, ரோட்டுக்கு முதுகைக் காட்டி, மலையைப் பாக்க உக்காந்துட்டாரு.

"என் மருமவன் ஊரானுக்குத் தண்ணி தூக்குறானாமே"ன்னு மலையைப் பாத்துச் சொன்னாரு. அது உண்மைதான். குழுவுல ஜெயிக்கிறதுக்குன்னு ஒருத்தன் இருப்பான், மத்தவன்லாம் அவனுக்குத் தண்ணி பாட்டில் கொண்டுபோய்க் குடுக்கணும், காத்தைத் தடுக்கணும். தனவேலு மத்தவன்.

மத்தியானம் சாஞ்சதும் கீழேர்ந்து ஓ-ன்னு ஒரு சத்தம் வளைவு வளைவா ஏறி வந்துச்சு, முன்னால ரெண்டு மூணு பேரு எங்களைத் தாண்டிப் போனாங்க, பின்னாடி ஒரு கூட்டம், அந்தக் கூட்டத்தோட வாலுல, சட்டைக்குள்ள முதுகெல்லாம் தண்ணி பாட்டிலைத் திணிச்சுக்கிட்டுக் கூனன் மாதிரி எங்க தனவேலு, செண்பகம் "ஐயோ எம் புள்ள, எப்படி எளைச்சுட்டான்"னு ஓடினா, நான் தொப்பியை ஆட்டினேன், அவன் முன்சக்கரம் சரியா அத்தான் நாற்காலிக்கு நேரா வந்துச்சு, வந்ததும் பந்தயம் நின்னுபோச்சு.

நின்னுபோச்சுன்னா, யாரும் நிறுத்தல. மிதிச்சுக்கிட்டுத்தான் இருந்தாங்க. சக்கரம் சுத்துது, சங்கிலி ஓடுது, வேர்வை சொட்டுது, வண்டி மட்டும் ஒரு அங்குலம் நகரல. மேல போனவங்க மேல அப்படியே, கீழ வர்றவங்க கீழ அப்படியே, முன்னால போன மோட்டார் சைக்கிளும் பின்னால வந்த நடுவர் காரும் உறுமிக்கிட்டே அப்படியே. ஆகாசத்துல வட்டமடிச்ச ஹெலிகாப்டர் மட்டும் கொஞ்ச நேரம் பாத்துட்டு எண்ணெய் தீருதுன்னு திரும்பிப் போச்சு, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லபோல.

யாரும் அலறல. மர்த்தின் ரோட்டை எட்டிப் பாத்தா, வேனுக்குள்ள போனா, சூப்பைச் சூடு பண்ணிக் கொண்டாந்து முன்னால நின்ன மஞ்சச் சட்டைப் பையனுக்கு ஊட்டினா. அவ்வளவுதான். அதைப் பாத்து ஒவ்வொரு வேன்காரங்களும் தங்களுக்கு நேரா நிக்கிறவனைத் தங்க வீட்டுப் புள்ளையா எடுத்துக்கிட்டாங்க. இறங்கினா பந்தயத்தை விட்டவன்னு ஆயிடும்னு யாரும் இறங்கல, பக்கத்துல இருக்குறவன் தோள்ல கையைப் போட்டுக்கிட்டு மாறி மாறிக் கண்ணசந்தாங்க, காலு அது பாட்டுக்கு மிதிச்சுக்கிட்டிருந்துச்சு. மறுநாள் அந்த ஊரு நாவிதர் ஏறி வந்து நடந்துகிட்டே எல்லாருக்கும் முகம் வழிச்சு விட்டாரு, நடக்க அவசியம் இல்லன்னு அவருக்குக் கொஞ்சம் கழிச்சுத்தான் உறைச்சுது. பாதிரியார் வந்து தண்ணி தெளிச்சாரு, டீச்சரம்மா புள்ளைங்களைக் கூட்டியாந்து எந்த நாட்டுக்காரன் எந்தச் சட்டைன்னு பாடம் எடுத்தாங்க, மாடுங்க மணியை ஆட்டிக்கிட்டு சைக்கிளுக்கு நடுவுல புகுந்து ரோட்டைக் கடந்துச்சு. மழை தூறினா ஊரே குடையைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்து ஆளுக்கொரு தலைக்குப் புடிச்சுச்சு. டி.வி.க்காரங்க ரெண்டு நாள் காட்டினாங்க, அப்புறம் அதே படம்தானேன்னு வேற செய்திக்குப் போயிட்டாங்க. நாங்க கொண்டு போன புளிசாதத்தை மஞ்சச் சட்டைப் பையன் ஒரு வாய் வாங்கித் தின்னுட்டு இன்னொரு வாய் கேட்டான், அதுக்கப்புறம் செண்பகம் மர்த்தின் அடுப்புல தினம் சோறு வடிச்சா, அந்த வளைவுல பாதிப் பேரு அவ சோறுதான்.

அவளுக்கு அதுல ஒரு சந்தோஷம், மறைப்பானேன். இத்தனை வருஷத்துல மகன் அவ கண்ணெதிர இத்தனை நாள் இருந்ததில்ல. ஆனா சாயங்காலம் ஆனா அவன் காலைப் பாத்துக் கலங்குவா, முட்டி வீங்கியிருந்துச்சு. அவன் மாமன் முதுகையே பாத்து மிதிச்சுக்கிட்டிருந்தான்.

"மாமா, திரும்புங்க மாமா."

"அந்த மேற்கால மலையில பனி இருக்கு பாரு பூரணி"ன்னு அத்தான் என்கிட்டச் சொல்லுவாரு.

"மாமா, நான் பண்ணினது தப்புதான் மாமா."

"பனி உருகினா ஆறா ஓடும்போல."

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. ஆனா விஷயம் எனக்கு அப்பவே புரிஞ்சுபோச்சு. எங்க ஊர்ல ஒரு வருஷம் தேர் கீழவீதி முக்குல நின்னுபோச்சு, ஊரே இழுத்தும் அசையல, முதல் வடம் புடிக்கிற வீட்டுக்காரரை அந்த வருஷம் முறையா அழைக்கலன்னு அப்புறம் தெரிஞ்சு, மேளத்தோட தாம்பாளம் எடுத்துப் போயி அவரைக் கூட்டியாந்து வடத்துல கை வைக்கச் சொன்னதும் தேர் கிளம்புச்சு. இங்கயும் அதேதான், உரிமைக்காரனை அழைக்கல, கோவிச்சுக்கிட்டான், நின்னுடுச்சு. இதை மர்த்தின்கிட்ட என் பிரெஞ்சுல சொன்னேன், அவ தலையாட்டினா, அவங்க ஊர்லயும் மாமன்கள் அப்படித்தானாம்.

எலோடிக்குப் போன் போட்டேன். மாசமா இருக்குற பொண்ணு, பாவம், வயித்தைத் தள்ளிக்கிட்டுக் காரை ஓட்டி வந்து, கடைசி வளைவு நடந்தே ஏறி வந்துச்சு. வெத்தலைக்கு எங்க போறது, திராட்சை இலையை அடுக்கி, அதுமேல ரெண்டு ஆப்பிளும் பாதாம்பருப்பும் வச்சு, ஒரு தட்டுல ஏந்திக்கிட்டு அவரு முன்னால போயி, நான் சொல்லிக் குடுத்த மாதிரியே, "மாமா, எங்க கல்யாணத்துக்கு வாங்க"ன்னு தமிழ்ல கூப்பிட்டுச்சு. அத்தான் எந்திரிச்சு நின்னாரு. தட்டை ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டாரு. "நல்லா இரும்மா, இந்த நிலைமையில மலை ஏறலாமா, உக்காரு"ன்னு எலோடியை என் நாற்காலியில உக்கார வச்சாரு. முறை முடிஞ்சுது, மரியாதை முடிஞ்சுது. நான் ரோட்டைத் திரும்பிப் பாத்தேன்.

பந்தயம் நகரல.

அத்தானும் பழையபடி மலையைப் பாக்க உக்காந்துட்டாரு. "இன்னும் என்ன அத்தான் வேணும் உங்களுக்கு?"ன்னு கத்திட்டேன். "எனக்கு ஒண்ணும் வேணாம், நல்லாத்தான் இருக்கு"ன்னாரு. அந்த வார்த்தையை நான் அப்ப காதுல வாங்கல.

அன்னிக்கு மத்தியானம் அவரு கால் கழுவப் புதர்ப்பக்கம் போனப்ப எனக்கு இடுப்பு வலி, உக்கார வேற இடமில்ல, அவரு நாற்காலியில போய் விழுந்தேன். விழுந்து நிமிந்தா எனக்கு எதிர்த்தாப்புல தனவேலு. முகம் முழுசா, நெத்தியில இருக்குற தழும்பு வரைக்கும், கண்ணோரத்துல ஒட்டியிருந்த உப்பு வரைக்கும். மர்த்தின் வேனோட பக்கக் கண்ணாடி. பின்பக்கம் ரோட்டுக்கு இருந்ததால ரோடு முழுக்க அந்தக் கண்ணாடியில இருந்துச்சு. மலை எங்கயோ ஓரமா இருந்துச்சு, அந்த நாற்காலியிலேர்ந்து பாத்தா மலையே சரியாத் தெரியல. முதல் நாள் அங்கயும் இங்கயும் நாற்காலியைப் போட்டுப் பாத்தாரே, அது இதுக்குத்தான். இத்தனை நாளும் இந்த மனுஷன் கண்ணைச் சிமிட்டாம அந்தப் புள்ள மூஞ்சியையேதான் பாத்துக்கிட்டிருந்திருக்காரு. கோவம்னு நெனச்சேனே, நான் ஒரு மடச்சி.

அவரு திரும்பி வந்தாரு. நான் எந்திரிக்கல.

"மலை நல்லாத்தான் இருக்கு அத்தான்"னேன்.

அவருக்குப் புரிஞ்சுபோச்சு. வேன் மேல ஒரு கையை ஊனிக்கிட்டு நின்னாரு. அப்புறம் மெதுவாச் சொன்னாரு: "ஏர்போர்ட்ல அந்தக் கண்ணாடிக் கதவுக்குள்ள போனான் பூரணி. பெட்டியைக் கீழ வச்சுட்டு நிமிந்தேன், ஆளைக் காணோம். அவ்வளவுதான், பதினஞ்சு வருஷம். இவன் இங்க எங்கிட்டு வந்தாலும் அப்படித்தான் போவான்னாங்க, விஷ்ஷுன்னு போயிடுவாங்க, கண்ணுக்கே சிக்காதுன்னாங்க. அதைப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல, அதான் திரும்பி உக்காந்தேன். இப்ப நிக்கிறான். நிக்கட்டுமே. யாருக்கு என்ன நட்டம்?"

அவன் கை எட்டுற தூரத்துல இருந்தான், ஒரு வார்த்தை விடாமக் கேட்டான். செண்பகம் சோத்துத் தட்டோட அப்படியே நின்னுட்டா.

தனவேலுதான் சொன்னான், சின்னப் புள்ளையா இருந்தப்ப சொல்ற அதே மாதிரி: "மாமா, கால் வலிக்குது மாமா."

"எங்கடா?"

திரும்பிட்டாரு. எங்க வலிக்குதுன்னு கேட்டுக்கிட்டே ரோட்டுல இறங்கி, செண்பகம் பையிலேர்ந்து தைலத்தைப் புடுங்கி, மிதிக்கிற காலோட சேந்து தானும் மேலயும் கீழயும் கையைக் கொண்டுபோயித் தேச்சு விட்டாரு, "வீங்கிக் கெடக்கே, சொல்ல மாட்டியா, இப்படியா ஒருத்தன் மிதிப்பான், யாரு கேட்டா உன்னை"ன்னு திட்டிக்கிட்டே தேச்சாரு, அவன் அழுதுகிட்டே மிதிச்சான், செண்பகம் ரெண்டு பேரையும் பாத்துக்கிட்டு வாயில முந்தானையைத் திணிச்சுக்கிட்டா. தேச்சு முடிச்சு நிமிந்து, மேல போற ரோட்டைப் பாத்தாரு.

"எவ்வளவு தூரம்டா இருக்கு உச்சி?"

"இன்னும் மூணு வளைவு மாமா. முடிச்சாத்தான் அடுத்த வருஷமும் குழுவுல வச்சுப்பாங்க."

"சரி, புடிங்க எல்லாரும், தள்ளுவோம்"னாரு.

தள்ளக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. நடுவர் கார்லேர்ந்து தலையை நீட்டி, தள்ளு வாங்கினவனுக்குத் தண்டனையா நேரத்தைக் கூட்டுவோம்னாரு. நான் அதை மொழிபெயத்துச் சொன்னேன். அத்தான், "அப்ப எல்லாரையும் தள்ளு, எல்லாருக்கும் கூட்டட்டும்"னாரு. மர்த்தினுக்கு அது ரொம்பப் புடிச்சுப்போச்சு, மேல ஒரு குரல் குடுத்தா, கீழ ஒரு குரல் குடுத்தா, அது வளைவு வளைவாப் போச்சு. அந்த மலையில இருந்த அத்தனை பேரும், நாவிதரும் பாதிரியாரும் டீச்சரம்மாவும், ரோட்டுல இறங்கி ஆளுக்கொரு முதுகுல கை வச்சாங்க. நடுவர் காருக்குப் பின்னாடியும் நாலு பேரு கை வச்சதும் அவரு கண்ணாடியை ஏத்திவிட்டுக்கிட்டு வேற பக்கம் பாத்துக்கிட்டாரு. நான் எங்க ஊர்த் தேருக்குப் போடுற கூப்பாட்டைப் போட்டேன், அர்த்தம் தெரியாம மலையே திருப்பிப் போட்டுச்சு, ஒரே மூச்சுல தள்ளினோம்.

அசையல.

மறுபடி தள்ளினோம். அத்தான் நெத்தி நரம்பு புடைக்கத் தள்ளுறாரு, காலு ரோட்டுல வழுக்குது, "தள்ளுங்கடா, சோறு திங்கலையா"ன்னு சத்தம் போடுறாரு. நெஞ்சுல அடைப்பு வந்த மனுஷன், எனக்குப் பயமாப் போச்சு, நிறுத்தலாம்னு கிட்டப் போனேன். போனப்பத்தான் அவரு கையைப் பாத்தேன். உள்ளங்கை தனவேலு முதுகைத் தள்ளுது. விரல் அஞ்சும் சட்டையைக் கொத்தாப் புடிச்சிருக்கு, நகம் வெளுக்குற அளவுக்கு.

"அத்தான், விடுங்க"ன்னேன்.

"தள்ளிக்கிட்டுத்தானே இருக்கேன்!"

"தள்ளுறீங்க. சட்டையை விடலையே."

குனிஞ்சு தன் கையைப் பாத்தாரு. அது யாரு கையோ மாதிரி பாத்தாரு. தனவேலு திரும்பிப் பாக்கல, "மாமா"ன்னு மட்டும் சொன்னான். அத்தான் சுண்டு விரலை எடுத்தாரு. அடுத்த விரலை எடுத்தாரு. மூணாவது வர மாட்டேன்னுச்சு, நான் அவரு மணிக்கட்டைப் புடிச்சுக்கிட்டேன், அதையும் எடுத்தாரு. கட்டைவிரல் கடைசியாப் பிரிஞ்சுது.

ஒரு காத்து அடிச்சுது. அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது. அவ்வளவு நாள் மிதிச்ச மிதியெல்லாம் ஒண்ணாச் சேந்து வந்த மாதிரி மொத்தக் கூட்டமும் விஷ்ஷுன்னு கிளம்புச்சு, கலர் கலராச் சட்டை கண்ணுல கோடாப் போச்சு, சங்கிலிச் சத்தம் வளைவுல ஏறி, அடுத்த வளைவுல சன்னமாகி, அதுக்கடுத்த வளைவுல இல்லாமப் போச்சு, நடுவர் காரும் உறுமிக்கிட்டுப் பின்னாடியே போச்சு. தள்ளின மலைச்சனம் எல்லாம் நீட்டின கையோட ரோட்டுல நின்னுச்சு. எண்ணிப் பாத்தா அரை நிமிஷம் இருக்காது. ரோடு காலியாக் கெடந்துச்சு, அதுல ஒரு தண்ணி பாட்டில் மட்டும் உருண்டுகிட்டு இருந்துச்சு.

செண்பகம் அண்ணன்கிட்ட ஓடினா. எனக்கும் திக்குன்னு இருந்துச்சு, மனுஷன் உடைஞ்சு போயிடுவாரோன்னு. அத்தான் ரோட்டு நடுவுல, விரிச்ச கையை மடக்காம, மேல பாத்துக்கிட்டு நின்னாரு. கண்ணுலேர்ந்து தண்ணி தாரை தாரையாக் கொட்டுது, துடைக்கவே இல்ல. மூஞ்சி மட்டும் சிரிக்குது, தேரு கிளம்பினா சிரிக்குமே, அந்தச் சிரிப்பு.

"என்னா வேகம்!"னாரு. "பாத்தியா பூரணி, எம் மருமவன் என்னா வேகம் போறான், பாத்தியா!"